அக்கா சொன்னா சரியா? குழு முடிவும் கைபேசியும்



அம்மையார்குப்பம் பக்கம் தறி ஓடுகிற வீடுகளுக்கு நூல் விலைதான் எப்பவும் கவலை. "கடன் வந்ததும் எல்லாரும் சேர்ந்து மொத்தமா நூல் வாங்கலாமா?" என்று குழுவில் கேட்டால் என்ன நடக்கிறது? ஊக்குநர் முதலில் ஒரு வார்த்தை சொல்வார். அடுத்தவர் "அக்கா சொன்னா சரி" என்பார். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து விழுந்துவிடும். முன்பு நூல் வாங்கி நஷ்டப்பட்டவர் மூலையில் பேசாமலே இருப்பார். தவணை மட்டும் எல்லார் தலையிலும்தான்.

1906-இல் இங்கிலாந்தில் பிளைமவுத் ஊர்ச் சந்தையில் ஒரு மாட்டை வெட்டினால் எவ்வளவு கறி தேறும் என்று மக்கள் தனித்தனியாகச் சீட்டில் எழுதினார்கள். கால்டன் என்ற அறிஞர் 787 சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தார். நடுவில் நின்றது 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198. நாலு கிலோதான் வித்தியாசம்! விவரம் தெரிந்தவரும் எழுதினார், தெரியாதவரும் எழுதினார்.

எல்லாருக்கும் ஒரே தகவல் போய்ச் சேருவதும் முக்கியம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிப் பகுதியில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தைக் கணினியில் எடுத்து ஒலிபெருக்கியில் ஊருக்கே சொன்னார்கள். கடலுக்குப் போவதா என்பது அவரவர் முடிவு.

வாட்ஸ்அப்பில் 2022-இல் ஓட்டெடுப்பு வசதி வந்தது. எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. பொதுவாக யார் எதைத் தொட்டார் என்று பெயரோடு தெரிந்துவிடும். மாமியாரும் மருமகளும் ஒரே குழுவில் இருந்தால் கேட்கவே வேண்டாம்!

இப்படிச் செய்யலாம். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே நூல் விலை, வட்டி, தவணை மூன்றையும் குரல் பதிவாக எல்லாருக்கும் அனுப்புங்கள். படிக்கத் தெரியாதவரும் கேட்டுக்கொள்வார். பதிலைக் குழுவில் போடாமல் பிரதிநிதி ஒருவருக்குத் தனியாகச் சொல்லுங்கள். வாங்கலாமா, எவ்வளவு, ஏன் என்று மூன்றையும் சொல்ல வேண்டும். தெலுங்கில் சொன்னாலும் தப்பில்லை. பிரதிநிதி அதை எழுதி, பெயர் இல்லாமல் கூட்டத்தில் வாசிக்கட்டும். பதிவை அப்படியே போட்டால் குரலே ஆளைக் காட்டிக்கொடுக்கும். வாசித்த பிறகு பேசுங்கள். ஊக்குநர் கடைசியாகப் பேச வேண்டும். கஷ்டம்தான், பழகிவிடும்.

போன் வீட்டுக்காரர் கையிலேயே இருந்தால் பதில் யாருடையது? அப்படிப்பட்டவர்கள் குழுவில் இருந்தால் போனை விட்டுவிடுங்கள். வாங்கலாம் என்றால் புளியங்கொட்டை, வேண்டாம் என்றால் சிறு கல், கையை மூடிச் சொம்பில் போடட்டும்.

வேண்டாம் என்றவர்கள் சொன்ன காரணத்தையும் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து நூல் விலையோடு வைத்துப் பார்க்கலாம்.