இலை வருது, பூ வரலே! ராயக்கோட்டையில் ஐரிஸ் வளர்ப்போர் கவனத்துக்கு

ராயக்கோட்டை என்றால் தக்காளி. அடுத்து சாமந்தி, செண்டுமல்லி. ஓசூர் பக்கம் போனால் ரோஜா. பூவுக்குப் பஞ்சமில்லாத சீமை இது.

ஆனாலும் வீட்டு வாசலில் ஒரு புதுப் பூ பூக்க வேண்டும் என்ற ஆசை யாரை விட்டது? பெங்களூர் லால்பாக்கில் குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி மலர்க் காட்சி நடக்கும். போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. பையில் ஏதாவது ஒரு கிழங்கு இருக்கும்.

அப்படி ஆசை காட்டும் பூக்களில் ஒன்று ஐரிஸ். கிரேக்கர்களின் வானவில் தேவதையின் பெயர் அது. ஊதா, மஞ்சள், வெள்ளை, நீலம் என்று 250-க்கும் மேற்பட்ட இனங்கள். ஓவியர் வான்கா 1889-ல் தீட்டிய ஐரிஸ் படம், 1987-ல் 5 கோடியே 39 லட்சம் டாலருக்கு ஏலம் போனது!

குளிர் எங்கே?

பாக்கெட் படத்தைப் பார்த்து வாங்கி நட்டால், கத்தி போல் இலை நீளும். வருஷம் ஒன்று போகும், இரண்டு போகும். பூவைக் காணோம். "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று திட்டத் தோன்றும்.

பல நேரம் தப்பு கடைக்காரர் மேல் இல்லை. படத்தில் இருப்பது பெரும்பாலும் 'தாடி ஐரிஸ்'. கீழ் இதழில் தாடி போல் மயிர் இருப்பதால் இந்தப் பெயர். வாரக்கணக்கில் கடுங்குளிரில் கிடந்தால்தான் அது மொட்டு விடும். காஷ்மீரில் அடக்கத்தலங்களில் கூட ஐரிஸ் நட்டு வைக்கிறார்கள். அங்கே அது செழிக்கிறது.

ராயக்கோட்டையில் மார்கழி விடியலில் ரெயிலுக்குப் போகிறவர்கள் மப்ளர் சுற்றுகிறார்கள். நமக்கு அது குளிர். அந்தச் செடிக்கு அது வசந்தம்!

எதை நடலாம்?

மனம் தளர வேண்டாம். ஐரிஸ் குடும்பத்தில் நம் சூட்டைத் தாங்கும் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள்.

ஆப்பிரிக்க ஐரிஸ்: வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சளும் ஊதாவும். வெயில் வேண்டும். புதர் பெருத்தால் பிரித்து நடலாம்.

நடக்கும் ஐரிஸ்: நிழலில் வளரும். பூ ஒரு நாள்தான். பூத்த தண்டின் நுனியில் குட்டிச் செடி முளைத்து, தண்டு சாய்ந்து, தரையில் வேர் விடும். இப்படியே அடுத்த அடி, அடுத்த அடி!

சிறுத்தைப் பூ: ஆரஞ்சு இதழில் சிவப்புப் புள்ளி. காய் வெடித்தால் கறுப்பு விதைகள் நாவல் பழம் போல் மின்னும். விதை போட்டாலே வரும்.

கிளாடியோலஸ்: இதுவும் ஐரிஸ் குடும்பமே. நட்ட இரண்டு, மூன்று மாதத்தில் பூக்கும்.

எதுவானாலும் தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

வசம்பு அல்ல!

கடைசியாக, மிக முக்கியமான விஷயம். ஐரிஸ் இலை, வசம்பு இலை போலவே இருக்கும். கிழங்கும் ஏறக்குறைய அப்படித்தான். 'பிள்ளை வளர்ப்பான்' என்று வசம்பைக் கைக்குழந்தைக்கு உரசும் வழக்கம் உள்ள ஊர் இது. வசம்பு என்று எண்ணி ஐரிஸ் கிழங்கை உரசிக் கொடுத்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். ஆடு, மாடு தின்றாலும் ஆபத்து.

இலையைக் கசக்கிப் பாருங்கள். வசம்பு என்றால் கமகமவென்று வாசனை வரும். ஐரிஸ் இலையில் அந்த வாசனை இருக்காது. அசல் வசம்பையே பச்சைக் குழந்தையின் வாயில் வைக்க வேண்டாம் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள்.

ஆகவே தொட்டியில் பெயர் எழுதி வையுங்கள். கிழங்கைத் தொட்டால் கை கழுவுங்கள். வீட்டுப் பாட்டியிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "ஆயா, இது பூச்செடி. மருந்து இல்லே!"