அசதிக்கும் அளவுகோல் உண்டு!

கொல்லி மலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டியதுமே பஸ் முனகத் தொடங்கிவிடும். டிரைவர் கியரை மாற்றுவார். வேகம் குறையும். பஸ்சை யாரும் கோபித்துக்கொள்வதில்லை. "ஏற்றம், பாவம்! மெதுவாகத்தான் போகும்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

மனிதர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது!

"உடம்பெல்லாம் அசதியாக இருக்கிறது" என்று மருமகள் சொன்னால், "சோம்பல்" என்கிறார் மாமியார். மாமியார் சொன்னால், "வயசாகிவிட்டது" என்கிறார் மகன். காய்ச்சல் என்றால் கண்ணாடிக் குழாயில் பார்க்கலாம். ரத்தக் கொதிப்பு என்றால் பட்டையைக் கட்டிப் பார்க்கலாம். அசதியை எதில் பார்ப்பது?

அதற்கும் வழி உண்டு. விஞ்ஞானிகள் 100 ஆண்டுகளுக்கு மேலாக அதற்குப் பாடுபட்டு வந்திருக்கிறார்கள்.

மலையிலே வாழ்வு

கொல்லி மலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். வல்வில் ஓரி ஆண்ட மலை. இங்கு வாழ்பவர்களில் பெரும்பாலோர் "மலையாளி" எனப்படும் பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகள் அல்ல. இவர்கள் பேசுவது தமிழ்தான்.

மலையில் எந்த வேலைக்கும் கூடவே இன்னொரு வேலை ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் ஏற்றம்! தண்ணீர்க் குடம் என்றாலும் ஏற்றம், விறகுச் சுமை என்றாலும் ஏற்றம், வயல் என்றாலும் சரிவு. சமவெளியில் இருப்பவருக்கு வருகிற அசதி, மலையில் இருப்பவருக்கு முன்னதாகவே வந்துவிடும்.

பகலெல்லாம் உழைத்து, இரவு தூங்கி, காலையில் எழுந்தால் போய்விடுகிற களைப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். அது உழைப்பின் கூலி. காலையில் கண் விழிக்கும்போதே கூட இருக்கிற அசதி வேறு. வாரக்கணக்கில் அது விடாமல் இருந்தால், பின்னால் ஒரு நோய் இருக்கலாம். நீரிழிவு, தைராய்டு குறைவு, காசநோய், இருதய நோய், சிறுநீரக நோய், முடக்கு வாதம் எல்லாவற்றிலும் அசதி உண்டு. மனச் சோர்விலும் உண்டு. நம் நாட்டுப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுவது ரத்தசோகை.

பாதி வண்டிகள்

ரத்தத்தில் ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் பொருள் இருக்கிறது. மூச்சில் வரும் ஆக்சிஜனை உடம்பெங்கும் ஏற்றிச் செல்லும் வண்டி இதுதான். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி லிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் பெண்களுக்கு 12 கிராமாவது இருக்கவேண்டும். கர்ப்பிணிகளுக்கு 11. ஆண்களுக்கு 13. அதற்குக் கீழே போனால் ரத்தசோகை.

ஒருவருக்கு 14 கிராம் இருக்கிறது, இன்னொருவருக்கு 7 கிராம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே குடத்தைச் சுமந்து ஒரே மேட்டில் ஏறுகிறார்கள். இரண்டாமவரிடம் இருப்பவை பாதி வண்டிகள்! ஈடுகட்டுவதற்காக அவருடைய இருதயம் இன்னும் வேகமாக அடிக்கிறது. மூச்சு வாங்குகிறது. பாதி மேட்டில் உட்கார்ந்துவிடுகிறார். அவரைப் போய்ச் சோம்பேறி என்பதா?

2019-21ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை இருந்தது. பாதிக்கு மேல்!

நூலில் கட்டிய எடை

அசதியை அளக்க முதலில் கருவி செய்தவர்களில் ஒருவர் இத்தாலி நாட்டு விஞ்ஞானி ஆஞ்சலோ மோஸ்ஸோ. டூரின் நகரத்தில் பேராசிரியராக இருந்தவர். கையை ஒரு பலகையில் அசையாமல் கட்டிவிடுவார். நடுவிரலில் நூல், நூலின் முனையில் எடை. விரலை மடக்கினால் எடை மேலே போகும். திரும்பத் திரும்ப மடக்கவேண்டும். எடை எவ்வளவு உயரம் போகிறது என்பதை ஒரு முள், சுழலும் உருளையில் கோடு கோடாக வரையும். கோடுகள் சிறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் விரல் நின்றுவிடும்.

இதில் ஒரு வேடிக்கை! மாணவர்களுக்கு வாய்மொழிப் பரீட்சை நடத்திவிட்டு வந்த ஆசிரியரின் விரலையும் அவர் சோதித்தார். அந்த விரல் எந்தச் சுமையும் தூக்கவில்லை. ஆனாலும் வழக்கத்தைவிடச் சீக்கிரமே ஓய்ந்துவிட்டது! மனம் களைத்தால் தசையும் களைக்கும் என்று தெரிந்தது. 1891ல் மோஸ்ஸோ இதைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார்.

பிறகு சுவீடன் நாட்டு மனநூல் அறிஞர் குன்னார் போர்க் எளிய வழி ஒன்றைச் சொன்னார். கருவியே வேண்டாம், ஆளையே கேளுங்கள் என்றார்! அவருடைய அளவுகோல் 6ல் தொடங்கி 20ல் முடியும். சும்மா இருந்தால் 6. இதற்கு மேல் முடியவே முடியாது என்றால் 20. அதென்ன 6? உடல்நலமுள்ளவர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால், ஒரு நிமிடத்துக்கான நாடித் துடிப்பு ஏறக்குறைய வந்துவிடும். 13 என்று அவர் சொன்னால் நாடி 130க்கு அருகில் இருக்கும். உடம்பு பொய் சொல்வதில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி.

நாள்பட்ட நோயாளிகளுக்காக 1989ல் அமெரிக்காவில் டாக்டர் லாரன் கிரப் குழுவினர் 9 வாசகங்கள் கொண்ட ஒரு தாளை வெளியிட்டார்கள். அசதி வேலையைக் கெடுக்கிறதா, குடும்பக் கடமையைக் கெடுக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, 1 முதல் 7 வரை மதிப்பெண் போடவேண்டும். சராசரி 4 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்கவேண்டிய அசதி.

தாளும் எண்ணும் இல்லாமலே பார்க்க ஒரு வழி இருக்கிறது. வேலை செய்யும்போது பேசிப் பாருங்கள். பேசவும் பாடவும் முடிந்தால் இலேசான உழைப்பு. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் நடுத்தரம். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் கடும் உழைப்பு. நெல் குத்தும்போது நம் பாட்டிமார் பாடினார்களே, பாட்டு எங்கே நிற்கிறதோ அங்கேதான் அளவுகோல்!

பம்பாயில் கிடைத்த விடை

அளந்தால் மட்டும் போதுமா? காரணம் தெரியவேண்டும். 1928ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். அங்கே நெசவாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள், கர்ப்ப காலத்தில் கடும் ரத்தசோகையால் வாடினார்கள். அவர்கள் சாப்பாட்டில்தான் குறை என்று அவர் கண்டார். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த மார்மைட் என்ற கூழைக் கொடுத்தார். ரத்தம் ஊறியது! 1931ல் அதை உலகத்துக்கு அறிவித்தார். நம் குன்னூரிலும் அவர் ஆராய்ச்சி செய்திருக்கிறார். மார்மைட்டில் இருந்த அந்தச் சத்துதான் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது.

இன்று கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லி கிராம் இரும்பும், 500 மைக்ரோ கிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. இதைத் தேநீரோடு விழுங்கக்கூடாது. தேநீர் இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா, அன்னாசி இவற்றில் ஏதாவது கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். மலம் கறுத்துப் போவதைக் கண்டு பயந்து மாத்திரையை வீசிவிடுபவர்கள் உண்டு. அது இரும்பின் நிறம், அவ்வளவுதான்.

கொக்கிப்புழுவும் ரத்தத்தைக் குடிக்கும். அது மண்ணிலிருந்து, வெறுங்காலின் தோல் வழியாகவே உடம்புக்குள் புகுந்துவிடும். செருப்பும் கழிப்பறையும் ரத்தசோகைக்கு மருந்து என்றால் சிரிக்காதீர்கள்!

இன்னொன்றும் உண்டு. பழங்குடி மக்கள் சிலரிடம் பரம்பரையாக வருவது அரிவாள் அணு ரத்தசோகை. ரத்த அணு உருண்டையாக இல்லாமல் கதிர் அரிவாள் போல வளைந்துவிடும். இரும்பு மாத்திரையால் இது தீராது. சோதனை செய்துதான் தெரிந்துகொள்ளவேண்டும். இதை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் 2023 ஜூலை 1ந் தேதி தொடங்கப்பட்டது.

உலக்கை ஓய்ந்த கதை

கொல்லி மலையின் பழைய உணவு சாமை, கேழ்வரகு, தினை. சாமை அரிசி சும்மா கிடைப்பதில்லை. சிறு மணி, கெட்டி உமி. உரலில் போட்டுக் குத்தவேண்டும், புடைக்கவேண்டும், மறுபடி குத்தவேண்டும். அவ்வளவும் பெண்கள் வேலை. வயலில் உழைத்துவிட்டு வந்து, சோற்றுக்காக இன்னொரு உழைப்பு!

பிறகு மரவள்ளி வந்தது. கீழே இருக்கும் ஜவ்வரிசி ஆலைகள் வாங்கிக்கொண்டன. கையில் காசு வந்தது. குத்துகிற பாடும் இல்லை. சாமை நிலம் சுருங்கியது. மரவள்ளி வயிற்றை நிரப்பும். ஆனால் அதில் பெரும்பாலும் மாவுச்சத்துதான், இரும்பு மிகக் குறைவு.

சென்னையில் 1988ல் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990களில் கொல்லி மலையில் சிறுதானியங்களைக் காக்கும் பணியில் இறங்கியது. "சாமை நல்லது, சாப்பிடுங்கள்" என்று உபதேசம் செய்வதோடு அவர்கள் நிற்கவில்லை. உமி நீக்கும் இயந்திரங்களை ஊருக்குள் கொண்டுவந்தார்கள். பெண்களின் சுயஉதவிக் குழுக்களே அவற்றை நடத்தப் பழகின. தானியத்தை மீட்கப் போன இடத்தில் உலக்கைக்கும் ஓய்வு கிடைத்தது. அசதிக்கு வைத்தியம் ஆஸ்பத்திரியில் மட்டும்தான் நடக்கிறது என்பதில்லை!

புளியங்கொட்டைக் கணக்கு

இயந்திரம் வராத வேலைகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றுக்கு நாமே கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

காலை, பகல், மாலை மூன்று வேளையும் அசதிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் போடுங்கள். எழுத வராதவர்கள் ஒரு கிண்ணத்தில் அத்தனை புளியங்கொட்டைகள் போட்டு வீட்டுப் பிள்ளைகளை எண்ணிக் குறிக்கச் சொல்லலாம். பக்கத்தில் அன்று செய்த பெரிய வேலையையும் குறிக்கவேண்டும். இரண்டு வாரத்தில், எந்த வேலைக்குப் பிறகு கொட்டைகள் குவிகின்றன என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

தெரிந்தபின், தெம்புள்ள வேளையில் கடின வேலையை வைத்துக்கொள்ளலாம். ஒரு பெரிய குடத்துக்குப் பதில் இரண்டு சிறு குடங்கள். காய் நறுக்குவது, துணி மடிப்பது எல்லாம் உட்கார்ந்தபடி. முக்கியமான சங்கதி இது: களைத்து விழுந்தபின் ஓய்வெடுக்கக்கூடாது. களைப்பதற்கு முன்பே எடுக்கவேண்டும். நல்ல நாள் வந்துவிட்டது என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, மறுநாள் படுத்துவிடுபவர்களே அதிகம்.

அதற்காகப் படுத்தே கிடப்பதும் தவறு. நீரிழிவு, முடக்கு வாதம், நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு, டாக்டர் சொன்னபடி நாளுக்கு நாள் சிறிது கூட்டி நடந்தால் அசதி குறையும். எல்லா நோய்க்கும் இந்த விதி பொருந்தாது. சிறு உழைப்புக்கே மறுநாள் படுக்கவைத்துவிடுகிற தீராச் சோர்வு நோய் ஒன்று இருக்கிறது. அந்த நோயாளிகளுக்குப் பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் முறை வேண்டாம் என்று 2021ல் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டிக் குழு சொல்லிவிட்டது. கொரோனாவுக்குப் பின் சோர்ந்து போனவர்களில் சிலருக்கும் இதே நிலைமை.

அசதியோடு நெஞ்சு வலி, கால் வீக்கம், இரவு வேர்வை, எடை இறக்கம், மாதவிலக்கில் அதிக ரத்தப் போக்கு இவற்றில் ஏதாவது இருந்தால் புளியங்கொட்டை எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. நெஞ்சு வலி என்றால் அந்தக் கணமே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

நாள்பட்ட நோயாளிகளின் வீட்டுக்கே போய் ரத்தக் கொதிப்பு, நீரிழிவு மாத்திரை கொடுக்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம், 2021 ஆகஸ்டு 5ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. வீட்டுக்கு வரும் சுகாதார ஊழியரிடமும், செம்மேட்டு ஆஸ்பத்திரி டாக்டரிடமும் அந்த இரண்டு வாரக் கணக்கைக் காட்டலாம். "அசதியாக இருக்கிறது" என்று சொல்வதைவிட, "காலையிலேயே 7, தண்ணீர் எடுத்துவந்தபின் 9" என்று சொன்னால், எந்தச் சோதனை செய்யவேண்டும் என்று டாக்டர் யோசிக்கத் தொடங்கிவிடுவார்.