சரக்கைக் கேட்டால் கிரேன் வருகிறது!

ராயபுரத்துக்காரர்களுக்குத் துறைமுகம் புதிதல்ல. கப்பல் வந்து நிற்கும். கிரேன் சரக்கைத் தூக்கிக் கரையில் வைக்கும். லாரியில் ஏற்றிக்கொண்டு போகவேண்டியதுதான்.

சரக்கைக் கேட்டவரிடம் கிரேனின் உதிரி பாகங்களை அனுப்பி, "இதை நீங்களே பூட்டி, உங்கள் சரக்கை நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள்" என்றால் எப்படி இருக்கும்?

இன்டர்நெட்டில் இன்று பல பக்கங்கள் அப்படித்தான் வருகின்றன! முதலில் 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற கட்டளைகள் வந்து குவிகின்றன. அவற்றை ஓட்டிப் பக்கத்தைக் கட்டிக்கொள்வது நம் கம்ப்யூட்டரின் பாடு.

1995-ல் அமெரிக்காவில், நெட்ஸ்கேப் கம்பெனியில், பிரண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் இதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். எடுபிடி வேலைக்கு வந்த பிள்ளை இன்று வீட்டையே ஆள்கிறது!

பழைய கம்ப்யூட்டர்

திருவொற்றியூரில் ஒரு மாணவன். அண்ணன் கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் 'கோடு' எழுதக் கற்கிறான் என்று வையுங்கள். கோடு என்றால் ஸ்கேல் வைத்துப் போடுவது அல்ல. கம்ப்யூட்டருக்கு எழுதும் கட்டளை.

பிறர் எழுதிய கோடுகளைப் படித்தால்தான் கை வரும். அவை இருக்கும் பெரிய கிடங்கு 'கிட்ஹப்'. 2008-ல் தொடங்கியது. 2018-ல் மைக்ரோசாப்ட் அதை 750 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தப் பக்கம் திறப்பதற்குள் பழைய யந்திரத்துக்கு மூச்சு வாங்குகிறது.

பிரௌசரின் செட்டிங்கில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிடலாம். பாரம் குறையும். ஆனால் சில இடங்கள் வெறுமையாகக் கிடக்கும். சில பொத்தான்கள் அசையாது. பையன் திகைக்க வேண்டியதில்லை.

பின்வாசல் உண்டு

வலைப்பக்கம் முன்வாசல்தான். உள்ளே வேலை செய்வது 'கிட்' என்ற கருவி. பின்லாந்தில் பிறந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-லேயே உருவாக்கியது. இதற்குப் பிரௌசரே வேண்டாம். டெர்மினலில் 'கிட் குளோன்' என்று ஆங்கிலத்தில் அடித்து, முகவரியைக் கொடுத்தால் போதும். முழுத் திட்டமும் வந்து இறங்கும். 'டெப்த் 1' என்றும் சேர்த்தால் பழைய வரலாறு வராது. கடைசிப் பிரதி மட்டும் வரும். டேட்டா மிச்சம்.

தமிழ் எழுத்துக்களைக் கையாளும் 'ஓப்பன் தமிழ்' கிட்ஹப்பில் இருக்கிறது. முதலில் அதை எடுத்துப் பார்க்கலாம்.

ஒருவர் செய்த திருத்தத்தை மட்டும் பார்க்க வேண்டுமா? அந்தத் திருத்தத்தின் முகவரிக் கடைசியில் ஒரு புள்ளி வைத்து 'பேட்ச்' என்று ஆங்கிலத்தில் சேருங்கள். அலங்காரமில்லாத வெறும் எழுத்தாக வரும்.

'சோர்ஸ்ஹட்' என்ற கிடங்கோ ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலே இயங்கும்படி கட்டப்பட்டது. எல்லாரும் இப்படிச் செய்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு சங்கடம். கிட்ஹப்பில் குறையை எழுதவும், தன் திருத்தத்தை ஏற்கச் சொல்லவும் கிட் கருவி மட்டும் போதாது. லினக்ஸ் கெர்னல்காரர்களோ இன்றும் திருத்தங்களைப் பெரும்பாலும் ஈமெயிலில்தான் அனுப்புகிறார்கள்.

முழுக் குளோன் எடுத்த பிறகு படிக்க நெட்கூட வேண்டாம். அந்தப் போல்டரைப் பென்டிரைவில் போட்டு எண்ணூர் நண்பனிடம் கொடுக்கலாம். அவன் அதிலிருந்தே இன்னொரு குளோன் எடுத்துக்கொள்வான்.