தக்காளி நாற்றும் பாலாற்று உப்பும்

வறட்சியைத் தாங்கும் தக்காளியை நாற்றுப் பருவத்திலேயே தெரிந்தெடுக்கும் முறை எளியது. மூன்று நான்கு வார நாற்றுகளுக்கு ஜலத்தை நிறுத்தி, வாடவிட்டு, மீண்டும் ஜலம் வார்த்து, பிழைத்தவற்றைக் கணக்கிடுகிறார்கள். காலமும் பொருளும் மிச்சமாகின்றன.

ஆனால் வேலூர், ஆம்பூர் விவசாயிகளுக்கு இது போதுமா? இங்கே பாலாறு பெரும்பாலும் வறண்டு கிடக்கிறது. பல கிணறுகளில் ஊறும் ஜலமோ தோல் ஷாப்புகளின் உப்பைச் சுமந்து வருகிறது. பச்சைத்தோல் அழுகாதிருக்க இட்ட உப்பே கழுவப்பட்டு நிலத்தில் இறங்கிற்று. மண்ணில் உப்பு மிகுந்தால், ஈரமிருந்தும் வேரால் அதை எளிதில் உறிஞ்ச இயலாது. பயிருக்கு அதுவும் வறட்சியே. அன்றியும், உப்பு இலைக்குள் ஏறி நஞ்சாகிறது. நல்ல ஜலத்தை நிறுத்திப் பார்க்கும் சோதனை இந்த இரண்டாவது துன்பத்தை அறியாது.

தோல் தொழிற் பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் முழுதுமோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்ற கணக்கை 1996ஆம் வருஷத்துத் தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டே எடுத்துக்காட்டியது. நஷ்டஈடு விதிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரமுண்டு. உப்பை வெளியேறும்படி உத்தரவிட எந்த நீதிபதியாலும் ஆகாது.

ஆகவே, அர்க்கா மேகாலி போன்ற மானாவாரி ரகங்களையும் இவ்வூர்க் கிணற்று ஜலத்திலேயே வளர்த்து வாடவிட்டுப் பார்க்க வேண்டும். தேறியவற்றைக் காய் பறிக்கும் வரை வயலில் நிறுத்தியும் பார்க்க வேண்டும். நாற்றில் பிழைத்ததெல்லாம் காய்த்துவிடுவதில்லை. இதற்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. வேலூருக்கு அடுத்த விரிஞ்சிபுரத்தில் விவசாய சர்வகலாசாலையின் ஆராய்ச்சி நிலையம் இருக்கவே இருக்கிறது.