மூணு மருந்து, எத்தனை மாசம்?

உடன்குடிக்காரர்களுக்குக் கலவை பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கருப்பட்டியோடு சுக்கு, மல்லி, மிளகு தட்டிப்போட்டுக் கொதிக்கவிட்டால் ஜலதோஷம் ஓடிவிடும் என்பது அங்கே எல்.கே.ஜி. பையனுக்கும் தெரியும். அதனால்தான், 'வயித்துக்குள்ள கேன்சர், முத்திப் போச்சு, ஆபரேஷனுக்கு வழியில்லை' என்று கேட்டதும் அண்ணாச்சி சொல்கிறார்: ''ஒண்ணுக்கு ரெண்டு மருந்தா, ரெண்டுக்கு மூணா சேத்துக் குடுங்க டாக்டரய்யா. பனங்காட்டை வித்தாவது ரூவா கட்டுதேன்!''

விற்பதற்கு முன் ஒரு கணக்குப் பார்க்கலாமா? அடியேன் பி.காம். வைத்தியம் தெரியாது, லெட்ஜர் தெரியும்.

டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் ஒரு சோதனை நடந்தது. முடிவு வெளியான வருஷம் 2010. வியாதி, பித்தப்பைப் புற்றுநோய். கங்கைக் கரைப் பக்கம் அதிகம், நம் பக்கம் குறைவு. யாருக்கு வந்தாலும் பெரும்பாலும் முற்றிய பிறகுதான் வெளியே தெரியும். கத்தி வைக்க முடியாத 81 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி மூன்று கோஷ்டியாகப் பிரித்தார்கள். முதல் கோஷ்டிக்குப் புற்றுநோய் மருந்தே கிடையாது. வலி, வாந்தி, மஞ்சள்காமாலைக்கு மட்டும் வைத்தியம். இரண்டாவதுக்கு ஃப்ளூரோயுராசில், கூடவே அதற்கு எடுபிடியாக ஃபோலினிக் அமிலம். மூன்றாவதுக்கு ஜெம்சிடபைனும் ஆக்ஸாலிபிளாட்டினும்.

''மருந்தே தராமல் விடுவதா, அக்கிரமம்!'' என்று உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் இந்த வியாதிக்குக் கீமோ கொடுத்தால் ஆயுள் கூடுமா, இல்லை, இருக்கிற நாளும் வாந்தியில் போகுமா என்று அன்றைக்கு யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்ல வைத்தவர்கள் அந்த முதல் கோஷ்டிக்காரர்கள்தான்.

ரிசல்ட்? மருந்தில்லாதவர்கள் 4.5 மாதம். இரண்டாம் கோஷ்டி 4.6 மாதம். அதாவது வாராவாரம் ஊசி குத்திக்கொண்டு சம்பாதித்தது மூன்று நாள்! மூன்றாம் கோஷ்டி 9.5 மாதம். இரட்டிப்பு.

இங்கே ஒரு விஷயம். 9.5 என்பது சராசரி அல்ல, மீடியன். காலேஜில் தூங்கிக்கொண்டே படித்தோமே, அதேதான். எல்லோரையும் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கிறவரின் கணக்கு. பாதிப் பேர் அதற்கு முன்பே போயிருப்பார்கள், பாதிப் பேர் தாண்டியிருப்பார்கள். உங்கள் மாமாவுக்கு அது எக்ஸ்பயரி டேட் அல்ல.

அந்த ஜோடி ஏன் எடுபட்டது? ஜெம்சிடபைன் போலிச் செங்கல். செல் தன் டி.என்.ஏ.வைக் கட்டும்போது உள்ளே புகுந்து கட்டடத்தை நிறுத்திவிடும். ஆக்ஸாலிபிளாட்டின் பிளாட்டினம் ஜாதி. கட்டி முடித்த இழைகளையே முடிச்சுப் போட்டுவிடும். தாக்கும் வழி வேறு, படுத்தும் பாடும் வேறு. முன்னது ரத்த அணுக்களைக் குறைக்கும். பின்னது விரல்களை மரத்துப்போகச் செய்யும். ஜில்லென்ற டம்ளரைத் தொட்டால் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். சேரும்போது பலன் கூட வேண்டும், ஒரே உறுப்பின்மேல் இரண்டும் ஏறி உட்காரக் கூடாது. ஜோடிப் பொருத்தம் என்பது இதுதான். ஆனாலும் மூன்றாம் கோஷ்டியில்தான் ரத்த அணுக்கள் அதிகம் சரிந்தன. ஓசியில் எதுவும் வருவதில்லை.

அதே 2010ல் பிரிட்டனிலும் ஒரு சோதனை வெளியானது. பித்தப்பை, பித்தக்குழாய் நோயாளிகள் 410 பேர். ஜெம்சிடபைன் மட்டும் என்றால் 8.1 மாதம், சிஸ்பிளாட்டினும் சேர்ந்தால் 11.7.

அப்படியானால் மூணாவது மருந்து? அதையும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 441 பேருக்கு, இந்த ஜெம்சிடபைன்-சிஸ்பிளாட்டின் ஜோடியோடு நாப்-பாக்லிடாக்ஸல் என்பதையும் சேர்த்துச் சோதித்து, 2023 ஜனவரியில் முடிவு சொன்னார்கள். ஜோடிக்கு 12.7 மாதம், மூவர் கூட்டணிக்கு 14. அந்தச் சின்ன வித்தியாசம் தற்செயலாகவே வந்திருக்கலாம் என்றது புள்ளிவிவரம். தொல்லை மட்டும் சந்தேகமில்லாமல் கூடியது.

இது பித்தப்பை, பித்தக்குழாய்க் கணக்கு. இரைப்பைக்கும் குடலுக்கும் கணையத்துக்கும் தனித்தனி லெட்ஜர் உண்டு. ஆகவே அண்ணாச்சி டாக்டரய்யாவிடம் கேட்க வேண்டியது, எத்தனை மருந்து என்று அல்ல. இந்தக் கலவையை எதோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள்? நடு ஆளுக்கு எத்தனை மாசம் கூடிற்று? அதில் எத்தனை நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில், எத்தனை நாள் வீட்டுத் திண்ணையில்? கடைசியாக, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கீமோவுக்கு இடமுண்டு. இந்தக் கலவை அதில் வருகிறதா?