பெஸி ஸ்மித்: மக்கள் பாடகி ஒருவரை மதிப்பிடல்

1

இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க மக்களிசை பற்றிப் பேசப்புகுவோர் பெஸி ஸ்மித்தின் பெயரைத் தவிர்த்துச் செல்ல முடிவதில்லை. 'புளூஸ் இசையின் பேரரசி' என அவர் வாழ்ந்த காலத்திலேயே போற்றப்பட்டார். கறுப்பினக் கலைஞரின் கடமை பற்றி லாங்ஸ்ரன் ஹியூஸ் 1926இல் எழுதிய கட்டுரையில் அவரது குரல் இடம்பெற்றுள்ளது. ஜேம்ஸ் போல்ட்வின் சுவிற்சர்லாந்து மலைக்கிராமமொன்றில் தங்கித் தமது முதல் நாவலை எழுதி முடித்தபோது அவருக்குத் துணையிருந்தவை பெஸியின் இசைத்தட்டுக்களே. பில்லி ஹொலிடே, மஹேலியா ஜக்சன் ஆகிய இருவரும் இளமையில் அவரது பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

இவ்வியப்பில் எமக்கும் பங்குண்டு. ஆயினும் முற்போக்காளரிடையே இது இருவகையில் வழிதவறுவதை அவதானிக்கலாம். ஒரு சாரார் பெஸியை இனவெறிக்குப் பலியான துன்பியற் பாத்திரமாக மட்டும் காண்கின்றனர். மற்றொரு சாரார் அவர் பாடல்களில் நேரடிக் கண்டனத்தைத் தேடுகின்றனர். அது அரிதாகவே கிட்டுவதைக் கண்டு, எஞ்சியவற்றை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுகின்றனர். இவ்விரு நோக்குகளும் அவரது கலையை எட்டவில்லை என்பதே எமது கருத்து.

2

பெஸி 1894ஆம் ஆண்டளவில் டென்னசி மாநிலத்துச் சட்டனூகா நகரில் வறிய குடும்பமொன்றிற் பிறந்தார். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தார். சகோதரர் கித்தார் வாசிக்கத் தெருவோரங்களிற் பாடிச் சில்லறை சேர்த்தார். 1912இல் ஊர்ஊராகச் செல்லும் ஆடல்பாடற் குழுவொன்றில் நடனமாடுபவராகச் சேர்ந்தார். மூத்த புளூஸ் பாடகியான மா றெயினியும் அக்குழுவில் இருந்தார்.

அவருக்குக் கிடைத்த கலைவடிவத்தின் தோற்றுவாயை இவ்விடத்து நோக்குதல் வேண்டும். அடிமைமுறை 1865இற் சட்டப்படி ஒழிந்த பின்னரும், தென் மாநிலங்களின் கறுப்பின உழவர்கள் வாரக்குத்தகையாலும் தீராக் கடனாலும் பிறர் நிலத்தோடு பிணிக்கப்பட்டிருந்தனர். வயல்வெளிக் கூவல், கூட்டுவேலைப் பாடல், ஆலயப் பாடல் ஆகியவற்றின் கூறுகளை உள்வாங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியளவில் உருவானதே புளூஸ். அதன் அமைப்பு எளிமையானது. முதலடி பாடப்படும், அதுவே மீளப் பாடப்படும், மூன்றாமடி அதற்கு விடையாக அமையும். ஒவ்வோர் அடியின் முடிவிலும் விடப்படும் இடைவெளியில் கருவி மறுமொழி கூறும். வேலைத்தலத்தில் ஒருவர் அழைக்க ஏனையோர் ஏற்றுப்பாடிய மரபே இங்கு குரலுக்கும் கருவிக்குமிடையிலான உரையாடலாக மாறியுள்ளது.

இவ்வெளிய வடிவத்தைப் பெஸி எவ்வாறு கையாண்டார் என்பதற்கு 1925 ஜனவரியில் லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் கோனெற் இசையுடன் அவர் பதிவுசெய்த 'சென் லூயிஸ் புளூஸ்' சிறந்த சான்றாகும். டபிள்யூ. சி. ஹண்டி 1914இல் வெளியிட்ட அப்பாடலைப் பெஸி மிக மெதுவாகப் பாடுகின்றார். பின்னணியில் ஆர்மோனியத்தின் நீண்ட ஒலி மட்டுமே கேட்கின்றது. சில சுரங்களையே மையமாகக் கொண்டு, அவற்றை வளைத்தும் இழுத்தும், எதிர்பாராத இடத்திற் சொல்லை நிறுத்தியும் அவர் பொருளைத் திரட்டுகின்றார். ஒலிபெருக்கியின்றிக் கூடாரங்களிற் பாடிப் பழகிய குரலில் இத்தனை நுண்மை அமைந்திருத்தல் வியப்புக்குரியது. அலங்காரத்தை நாடாத இச்சிக்கனம், பேச்சுமொழியின் அழுத்தங்களைக் கூர்ந்து கேட்டதன் பேறாகும்.

3

பெஸியின் குரல் எமக்குக் கிடைத்திருப்பது இசைத்தட்டு எனும் பண்டத்தின் வாயிலாகவே. 1920இல் மேமி ஸ்மித் பாடிய 'கிறேஸி புளூஸ்' பெருமளவில் விற்பனையானதும், கறுப்பின மக்களும் நுகர்வோரே என்பதை இசைத்தட்டு நிறுவனங்கள் கண்டுகொண்டன. 'இன இசைத்தட்டுக்கள்' எனத் தனி வரிசைகள் வெளிவந்தன. 1923 பெப்ரவரியிற் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பெஸி பதிவுசெய்த 'டவுன்ஹார்ட்டட் புளூஸ்' ஆறு மாதங்களுள் 780,000 படிகள் விற்பனையானதாகக் கூறப்படுகிறது. அதனை இயற்றியோர் அல்பேர்ட்டா ஹன்ரர், லவீ ஒஸ்ரின் ஆகிய இரு கறுப்பினப் பெண்கள். பாடியவருக்கோ பதிவொன்றுக்கு 125 டொலர் என்ற அளவிலேயே ஊதியம் பேசப்பட்டது, விற்பனையிற் பங்கில்லை. ஏறத்தாழ 160 பாடல்களை அந்நிறுவனத்துக்குப் பாடிய அவர், மேடை வருவாயாலேயே செல்வமீட்டினார். 1925இல் தம் குழுவுக்கெனப் புகையிரதப் பெட்டியொன்றை வாங்கினார். கறுப்பினத்தவருக்கு விடுதிகள் கதவடைத்த தென் மாநிலங்களில் அதுவே அவர்களின் வீடாயிற்று.

இங்கு முரண்பாடொன்று தெளிவாகின்றது. அவருழைப்பின் பயனைக் கவர்ந்துகொண்ட அதே சந்தை, அவரது குரலை அதற்குரிய மக்களிடமும் கொண்டுசேர்த்தது. முதல் உலகப்போர்க் காலந்தொட்டு இலட்சக்கணக்கானோர் தெற்கை நீங்கிச் சிக்காகோ, டிற்ரோயிற், நியூயோர்க் முதலிய நகரங்களுக்குத் தொழிலாளராகப் பெயர்ந்துகொண்டிருந்தனர். புகையிரதச் சிற்றூழியர்கள் வடக்கில் இசைத்தட்டுக்களை வாங்கித் தெற்கின் சிற்றூர்களில் விற்றனர். பருத்தி வயலிலிருந்தோரும் நகரத்து வாடகை அறையிலிருந்தோரும் ஒரே குரலைக் கேட்டனர். 1936இல் ஜாஸ் பற்றி எழுதிய அடோர்னோ, அவ்விசையின் சுதந்திரத் தோற்றத்துள் பண்டத்தின் ஆட்சியைக் கண்டார். அவரது எச்சரிக்கை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் பண்டத்தைக் கேட்டவர்கள் யாவர், அதனை அவர்கள் என்ன செய்தனர் என்ற வினாக்களை அவர் எழுப்பவில்லை. 1948இல் சிட்னி பின்கெல்ஸ்ரீனும் 1959இல் எரிக் ஹொப்ஸ்போமும் ஜாஸ் இசையை மக்கள் கலையாக ஆராய முற்பட்டமை இவ்வகையில் மார்க்சிய விமர்சனத்துக்கு வளஞ்சேர்த்தது.

4

கேட்போரின் பங்கை உணர்த்தும் பாடல் 'பக்வோட்டர் புளூஸ்'. பெஸி தாமே இயற்றி 1927 பெப்ரவரி 17இற் பதிவுசெய்த அப்பாடல், வெள்ளத்தில் வீடிழந்த பெண்ணொருத்தியின் கூற்றாக அமைந்தது. 1926 நத்தார் காலத்தில் நாஷ்வில் நகரைத் தாக்கிய வெள்ளமே அதன் பின்னணி என ஆய்வாளர் கருதுவர். 1927 ஏப்ரலில் மிசிசிப்பியாற்றின் அணைகள் உடைந்தன. இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். கறுப்பின உழவர்கள் முகாம்களிற் காவலில் வைக்கப்பட்டு அணைவேலைக்கு வலிந்து அமர்த்தப்பட்டனர். அம்மக்கள் இப்பாடலைத் தமதாக ஏற்றுக்கொண்டனர். ஒரு நகரத்தின் வெள்ளத்தைப் பாடியது, ஒரு வர்க்கத்தின் பேரிழப்பைச் சொல்லும் பாடலாயிற்று.

1928இற் பதிவான 'புவர் மான்ஸ் புளூஸ்', 'வோஷ்வுமன்ஸ் புளூஸ்' போன்ற பாடல்களில் வறுமையும் உழைப்பும் நேரடியாகவே பேசப்படுகின்றன. ஆனால் இவை தொகையிற் சிலவே. காதலும் பிரிவும் பயணமும் மதுவுமே பெரும்பாலான பாடல்களின் பொருள். இவற்றைத் தப்பித்தற் போக்கெனத் தள்ளலாமா? ஏஞ்சலா டேவிஸ் 1998இல் வெளியிட்ட நூல் இதற்குத் தக்க விடை தருகின்றது. அடிமைமுறை ஒழிந்தபின் கறுப்பின மக்களின் பொருளாதார நிலை பெரிதும் மாறவில்லை. ஆயின் விரும்பியவரோடு வாழ்தல், விரும்பிய இடத்துக்குச் செல்லல் என்பன புதிதாகக் கைவந்தன. அடிமையின் உடலும் உறவும் எசமானுக்குச் சொந்தமாயிருந்தன. ஆகவே பெண்ணொருத்தி தன் விருப்பையும் வெறுப்பையும் தானே உரத்துக் கூறுதல், விடுதலையின் பொருளை நடைமுறையில் ஆராய்வதாகும். இந்நோக்கிற் காணும்போது பெஸியின் காதற்பாடல்கள் சமூக வரலாற்று ஆவணங்களாகவும் விளங்குகின்றன.

5

பொருளாதார நெருக்கடி இசைத்தட்டுத் தொழிலைக் குலைத்தது. 1931இல் கொலம்பியாவுடனான அவரது தொடர்பு முடிவுற்றது. 1937 செப்ரெம்பர் 26இல் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் நகருக்கு அண்மையில் நிகழ்ந்த வீதி விபத்தின் காரணமாக அவர் இறந்தார். வெள்ளையர் மருத்துவமனை அவரைத் திருப்பியனுப்பியதால் உயிர் பிரிந்தது என்ற செய்தி அவ்வாண்டே பரவியது. எட்வேர்ட் அல்பீ எழுதி 1960இல் மேடையேறிய நாடகம் அதற்கு நிலைபேறளித்தது. ஆனால் விபத்திடத்தில் அவருக்கு உதவிய வெள்ளை மருத்துவரின் வாக்குமூலத்தை 1972இல் வெளிவந்த கிறிஸ் அல்பேட்சனின் வாழ்க்கை வரலாறு பதிவுசெய்துள்ளது. அதன்படி, பெஸி நேராகக் கறுப்பினத்தவர் மருத்துவமனைக்கே கொண்டுசெல்லப்பட்டார். அந்நாளைய மிசிசிப்பியில் வேறிடத்துக்குக் கொண்டுசெல்ல எவரும் எண்ணியிருக்கமாட்டார்.

எமது பக்கத்துக்கு உதவுவதுபோலத் தோன்றினும் பழைய கதையைக் கைவிடுதல் நேர்மை. அக்கதையில் குற்றவாளி ஒரு கதவைச் சாத்திய சில தனிமனிதர். உண்மையிலோ, அக்கதவைத் தட்டும் எண்ணமே எழாதவாறு மனித மனங்களை வகுத்துவைத்த சமூக அமைப்பு. பின்னதே கடுமையான குற்றச்சாட்டு என்பதை வலியுறுத்த வேண்டியதில்லை.

பிலடெல்பியாவில் நடைபெற்ற இறுதிச் சடங்கில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். எனினும் அவரது கல்லறை முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பெயர்க்கல்லின்றிக் கிடந்தது. கொலம்பியா நிறுவனம் அவரது பதிவுகளை நெடுந்தட்டுக்களாக விரிவாக மறுபதிப்புச் செய்யத் தொடங்கிய 1970ஆம் ஆண்டிலேயே அக்கல் நாட்டப்பட்டது. செலவை ஏற்றோர் இருவர். ஒருவர் ஜானிஸ் ஜொப்ளின் என்ற வெள்ளையினப் பாடகி. மற்றவர் சிறுமியாயிருந்தபோது பெஸியின் வீட்டுத் தரையைக் கழுவித் துடைத்த யுவானிற்றா கிறீன். ஒருவர் பெஸியிடமிருந்து பாடலைப் பெற்றவர். மற்றவர் பெஸி எந்த மக்களின் வாழ்வைப் பாடினாரோ அவர்களுள் ஒருவர். பெஸியை வியக்க முனைவோர் நிற்கவேண்டிய இடம் இவ்விருவரின் பக்கமே என நாம் கருதுகின்றோம்.