குட்டிக் கோட்டில் ஓடும் நாடா

விக்டோரியா அரசி ஆண்ட காலத்து (1837–1901) இங்கிலாந்தில், வசதியான வீட்டுப் பிள்ளைகள் குளிருக்குப் போட்டுக்கொண்ட கோட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது, கம்பளித் துணிமேல் கொடியாக வளைந்தோடும் நாடா. அதற்கு சூட்டாஷ் என்று பெயர். இரண்டு மெல்லிய கயிறுகளை அடுத்தடுத்து வைத்து, மேலே நூலால் பின்னி மூடியிருப்பார்கள். நடுவில் ஒரு பள்ளம் விழும். ஊசி அந்தப் பள்ளத்திலேயே இறங்கி ஏறுவதால் தையல் வெளியே தெரியாது. உள்ளே இருக்கும் கயிறுகளில் ஒன்றை மட்டும் சற்றே இழுத்தால் நாடா தானே வளைந்துகொடுக்கும். சுருளும் இலையும் அப்படித்தான் வந்தன.

இந்த நாடா பிள்ளைகளிடம் வந்தது படைவீரர்களிடமிருந்து. ஹங்கேரியின் ஹுஸார் குதிரைப் படையினர் மார்பில் வரிவரியாகக் கயிறும் நாடாவும் தைத்த சட்டை அணிந்தார்கள். பிறகு பிரெஞ்சுப் படையின் ஜுவாவ் வீரர்கள் கிரிமியப் போரில் (1853–1856) புகழ்பெற, அவர்களுடைய குட்டைச் சட்டையின் சாயல் 1860களில் பெண்களின் உடையிலும் சிறுவர் உடையிலும் ஏறியது. அதே காலத்தில் வீடுகளுக்குள் வரத் தொடங்கிய தையல் இயந்திரம், முழம் முழமாக நாடா வைத்துத் தைப்பதை எளிதாக்கியது.

கடற்படையும் விடவில்லை. 1846இல், விக்டோரியாவின் மகனான, ஐந்து வயது நிரம்பாத இளவரசர் ஆல்பர்ட் எட்வர்டுக்கு அரச கப்பலின் தையற்காரர் குட்டி மாலுமி உடை தைத்துக் கொடுத்தார். அந்த உடையில் அவரை விண்டர்ஹால்ட்டர் ஓவியமாகத் தீட்டினார். அகலக் கழுத்துப்பட்டியும் அதன் ஓரக் கோடுகளும் பின்னாளில் எத்தனையோ சிறுவர் கோட்டுகளில் இடம்பிடித்தன. அசல் உடை இன்றும் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1880களில் உழவர்களின் முறை வந்தது. பண்ணையாட்களின் தளர்ந்த மேலங்கியில் இருந்த ஸ்மாக்கிங் தையல் பணக்காரக் குழந்தைகளின் உடைக்கு வந்தது. துணியை நெருக்கமாகச் சுருக்கி, சுருக்கங்களின் முகட்டைத் தேன்கூடு போல இணைத்துத் தைப்பது இது. ரப்பர் இல்லாமலே நெகிழும். ஓடியாடும் பிள்ளைக்கு இதைவிட நல்ல அலங்காரம் இல்லை என்பேன்.

வளரும் பிள்ளையின் உடையை ஓரத்தில் டக் எனும் மடிப்புப் பிடித்துத் தைத்துவைப்பார்கள். பிள்ளை உயர்ந்ததும் அதைப் பிரித்துவிடுவார்கள். மற்ற இடமெல்லாம் வெளிறியிருக்க, மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் பழைய நிறத்தோடு பட்டையாகத் தெரியும். பழைய மடிப்பின் கோடும் மறையாது. அதன்மேல் இன்னொரு வரிசை நாடா வைத்துத் தைத்துவிடுவாள் தாய்.